மூன்று மாடிக்கு ஒரு பட்டன்

அக்காவிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்ப முடியாது. மீன் வண்டி வந்துவிட்டது என்று சொன்னால்கூட, "வேற யாரு பாத்தா?" என்பார். தெருமுனையில் தண்ணீர் லாரி நிற்கிறது என்று நான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்ன ஒரு நாள், குடத்தைத் தூக்காமல் எதிர்வீட்டு டெய்லர் பாயைக் கூப்பிட்டு விசாரித்தார். பாயும் பார்த்தேன் என்ற பிறகுதான் கிளம்பினார். அதற்குள் வரிசை தெருக்கோடி வரைக்கும் நீண்டுவிட்டது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. காலிக் குடத்தோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "உன்ன நம்பாம இல்ல நைனா. நீ ஒரு பக்கத்துலருந்து தான பாத்த" என்றார்.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. எண்ணூர் போகும் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு தெருவில் எனக்கு ஜெராக்ஸ் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய போட்டோ ஸ்டுடியோ. அங்கே பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டு அப்படியே என் கடைக்கு வந்து ஆதார் நகல் எடுப்பார்கள். இரண்டு கடைக்கும் ஒரே கூட்டம்தான். குப்பத்தில் பிறந்து, வலை பின்னத் தெரியாமல் கேமரா பிடிக்கத் தெரிந்த ஒரே பொம்பளை என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார். புடவைக்கு மேல் நாலு பாக்கெட் வைத்த ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். ஒரு பாக்கெட்டில் பேட்டரி, ஒன்றில் மெமரி கார்டு, ஒன்றில் வெற்றிலை. நாலாவதில் என்ன என்று யாருக்கும் தெரியாது.

ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பாய் வீட்டுக் கல்யாணம் என்றால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் போட்டோகிராபர் போக முடியாது, இவர் போகலாம். ஆனால் அவருடைய பெயர் பரவியது அதனால் அல்ல. ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு எதிரே ஸ்டாண்டில் ஒரு கேமராவை நிறுத்திவிட்டு வருவார். பெண்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு எதிரே ஒன்று. மூன்றாவது எப்போதும் பெண்ணின் அம்மாவைப் பார்த்து. மூன்று கேமராவின் தலையிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரிசீவர் உட்கார்ந்திருக்கும். ரிமோட் அவர் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கும். ஒயர் கிடையாது, சுவர் நடுவில் இருந்தாலும் பரவாயில்லை. மாப்பிள்ளை சம்மதம் சொல்லும் குரல் ஸ்பீக்கரில் கேட்டதும் பட்டனை ஒரே ஒரு அமுக்கு. மூன்று கேமராவும் ஒரே நொடியில் எடுத்துவிடும்.

ஆல்பத்தில் அந்த மூன்று படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தான் ஒப்புக்கொண்ட நொடியில் அவள் முகம் எப்படி இருந்தது என்று மாப்பிள்ளை தெரிந்துகொள்வது அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதுதான். ஆல்பம் வாங்க வந்த ஒரு பெரியம்மா, கடை வாசலிலேயே அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அழுதுகொண்டே என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். தனித்தனியாக எடுத்திருந்தால் அது மூன்று முகம், அவ்வளவுதான் என்று அக்கா சொன்னார்.

எல்லா நாளும் இப்படிப் புல்லரிக்கவில்லை. ஒரு மண்டபத்தில் மேல்மாடியில் வேறு யாரோ பிறந்தநாள் விழாவுக்கு இதே மாதிரி ரிமோட் வைத்திருந்தான். இரண்டுக்கும் ஒரே சேனல் நம்பர். அவன் மேலே அமுக்கியபோதெல்லாம் கீழே அக்காவின் கேமராக்கள் தானாகச் சுட்டுத் தள்ளின. பேய் புகுந்துவிட்டது என்று இரண்டு பெண்கள் எழுந்தே போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ஜாங்கிரியைக் கைக்குட்டையில் சுற்றிப் பாக்கெட்டில் போடும் படம் வரிசையாக ஏழு. அக்கா அதையும் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோவில் ரொம்ப நாள் வைத்திருந்தார்.

ஆல்பம் செய்வது அக்காவின் தங்கை. அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஸ்டுடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு மேசை விசிறி, அதற்குப் பக்கத்தில் மூச்சுக்கு மருந்து புகையாக விடும் சின்ன மிஷின். அவளுக்கு இழுப்பு. பேச்சு நடுவில் நின்றுவிடும், அப்போது மிஷினின் மூடியை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணால் சிரிப்பாள். அதை "எங்க வூட்டுக்காரரு" என்பாள். "மத்தவங்க வூட்டுக்காரரு மாரி இல்ல, கூப்ட்டா ஒடனே வராரு." அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளைப் பார்த்துக்கொள்வதற்காக அக்காவும் செய்துகொள்ளவில்லை. இதை அக்கா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தெருதான் சொல்லும்.

எங்கள் தெருவுக்கு மேற்கே இரண்டு ஆலைகள், நடுவில் ஒரே மதில். நாங்கள் முன்னாடி கம்பெனி, பின்னாடி கம்பெனி என்போம். சில நாள் விடியும் நேரத்தில் ஏதோ ஒன்றிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கும். மேலே போகாமல் கூரை உயரத்துக்கு வந்து தெருவுக்குள் நுழையும். கண் எரியும், தொண்டையில் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி இருக்கும், பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். நமக்குப் பத்து நிமிடம். தங்கைக்கு அது மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் குறைந்துதான் திரும்பி வந்தாள். இன்னும் நாலைந்து முறை இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வழக்கம்போல இன்னும் இரண்டு டாக்டரிடம் போனார். மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள்.

புகார் கொடுத்தால் முன்னாடி கம்பெனி பின்னாடியைக் காட்டும், பின்னாடி கம்பெனி முன்னாடியைக் காட்டும். தெருவில் ஆளாளுக்கு மொபைலில் எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பார்க்க வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரு படத்தில் முன்னாடியிலிருந்து வருவது போலவும், இன்னொன்றில் பின்னாடியிலிருந்து வருவது போலவும் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம், இதை வைத்து யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்று கேட்டார். எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் தெரியும் என்று போகிற போக்கில் சொன்னார். சும்மா சொன்னதுதான். அக்கா மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே மூன்று மாடியில் மூன்று கேமரா ஏறியது. அக்கா வீட்டு மாடியில் ஒன்று, டெய்லர் பாய் வீட்டு மாடியில் ஒன்று, கடைக்கு மேலே இருந்த என் வீட்டு மாடியில் ஒன்று. மழைக்கும் உப்புக்காற்றுக்கும் காப்பாக, காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு, ஸ்டாண்டோடு கைப்பிடிச் சுவரில் கட்டினார். அக்கா மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு புகைபோக்கியும் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து நிற்கும். பாய் மாடியிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். என் மாடியிலிருந்து பார்த்தால்தான் நடுவில் ஒரு கை அகலத்துக்கு வானம் தெரியும். ஒரு படத்தை மட்டும் வைத்து யாரும் எதையும் சொல்லிக்கொள்ளலாம். மூன்றையும் சேர்த்துவைத்தால், புகை ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வந்திருக்க முடியும். காலை ஐந்தரைக்கு என் மாடிக் கேமராவை ஆன் செய்வதும், பேட்டரி தீர்ந்தால் மாற்றுவதும் என் பொறுப்பு. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் புகை வந்தது. அக்கா தன் மாடியில் நின்று அமுக்கினார், என் பக்கத்தில் வாளிக்குள் கிளிக் என்றது. மொத்தம் பதின்மூன்று முறை. ஒவ்வொரு கிளிக்குக்கும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கும் தங்கையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பி வந்ததும் அவளே உட்கார்ந்து மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், கல்யாண ஆல்பத்தில் வைப்பது போலவே. பின்னாடி கம்பெனி. சந்தேகமே இல்லை. என் கடையில் கலரில் பிரிண்ட் போட்டோம். மிஷினின் மூடியை மூக்கில் வைத்தபடியே அவள், "மாப்ள சம்மதம் சொல்லிட்டாரு" என்றாள்.

விசாரணையை மெயின் ரோட்டில் இருந்த கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். அதே அதிகாரி, இரண்டு கம்பெனியின் வக்கீல்கள், தெருவிலிருந்து ஒரு ஐம்பது பேர். அக்கா சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வந்திருந்தார். பிரிண்டைப் பார்த்த அதிகாரி முதலில் தலையை ஆட்டினார். எனக்கு மனசு குதித்தது. மெமரி கார்டுகளையும் வாங்கி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். பின்னாடி கம்பெனியின் வக்கீல் மரியாதையான ஆள், அக்காவை மேடம் என்றுதான் கூப்பிட்டார். இரண்டு கேமராவில் படம் எடுத்த நேரம் ஆறு பதினாலு என்று பதிந்திருக்கிறது, மூன்றாவதில் மட்டும் ஆறு இருபத்து நாலு என்று இருக்கிறதே மேடம், பத்து நிமிடத்தில் காற்று திரும்பிவிடாதா என்று கேட்டார்.

மூன்றாவது என் மாடிக் கேமரா.

எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சுவர்க் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது. ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பது எங்கள் அப்பன் காலத்து வழக்கம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்து வாழ்கிறோம், மனசே பத்தைக் கழித்துக்கொள்ளும், அதை யாரும் தப்பு நேரம் என்று நினைப்பதில்லை. என் மாடியில் இருந்த பழைய கேமராவில் பேட்டரியைக் கழற்றினால் தேதியும் நேரமும் அழிந்துவிடும், புதிதாகக் கேட்கும். புகை வந்த அன்றைக்கு இரண்டு நாள் முன்னால் நான் பேட்டரி மாற்றினேன். நேரம் கேட்டது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சுவரில் இருந்ததை அப்படியே வைத்தேன். மொபைல் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அக்கா பதறவில்லை. பையிலிருந்து மூன்று கேமராவையும் எடுத்து மேசைமேல் வைத்து, பட்டனை அமுக்கிக் காட்டினார். மூன்றும் ஒன்றாகக் கிளிக் என்றன. "ஒரே பட்டன் சார். ஒண்ணு எடுத்தா மூணும் எடுத்துரும். இதுல ஏது சார் பத்து நிமிசம்?" அதிகாரி வருத்தமாகத்தான் சொன்னார், இன்றைக்கு ஒன்றாக எடுத்தது சரி, அன்றைக்கு எடுத்ததற்கு இந்தப் பதிவைத்தானே நான் நம்ப முடியும் என்று. இந்தக் கேமராவில் நேரம் வைத்தது யார் என்று கேட்டார்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து, சார், நான்தான், என் வீட்டுக்கு வந்து சுவரைப் பாருங்கள், இந்தத் தெருவில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நடந்து போனால் ஐந்து நிமிடம். கடிகாரமே சாட்சி சொல்லியிருக்கும். எங்கள் வீட்டோடு இருக்கும் மச்சான் பின்னாடி கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை செய்கிறான் என்று பிறகு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஐம்பது பேர் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான் சார் வெச்சேன். தப்பாயிட்ச்சி" என்றார்.

தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்தார்கள். ஆதாரம் கிடைத்தால் மறுபடியும் கொண்டுவரலாம் என்றார் அதிகாரி. திரும்பி நடந்து வந்தோம். கடை ஷட்டரைத் தூக்கும்போதுதான் அக்கா சொன்னார்: "நைனா, இனிமே நீ கேமராவத் தொடாத. பேட்டரி மாத்தறதுன்னாலும் நானே வரேன்." குரலில் கோபமே இல்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டிருப்பேன். வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். மறுநாள் என் மனைவி மச்சானை லேட்டாக எழுப்பிவிட்டாள், அரைநாள் சம்பளம் போயிற்று, திரும்பவும் பத்து நிமிடம் தள்ளி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது. ஆதாரம் வேண்டும் என்றால் அந்தப் புகை இன்னொரு முறை வந்தாக வேண்டும். அது வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். ஆனாலும் ஒவ்வொரு விடியலிலும் அது வருமா என்று நாங்கள் காத்திருந்தோம். அக்கா ஐந்தரைக்கு என் மாடிக்கு வந்து கேமராவை ஆன் செய்து, மொபைலைப் பக்கத்தில் பிடித்து நேரத்தைச் சரிபார்த்து, பாய் மாடிக்குப் போய் அதையும் பார்த்து, தன் மாடிக்குப் போய் ஏழரை வரைக்கும் நிற்பார். வானம் சுத்தமாக விடிந்த நாட்களில் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். சாமியிடம் புகை கேட்டு வேண்டிக்கொண்ட நாளும் உண்டு. கீழே படுத்திருந்த தங்கைக்கும் இது தெரியும். "இன்னாக்கா, இன்னிக்கும் வரலியா? ஆள் அனுப்பிக் கூட்டாரச் சொல்லலாமா?" என்று அவள் கேட்பது மாடி வரைக்கும் கேட்கும். அக்கா சிரிக்க மாட்டார்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் வந்தது. நான் மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பின்னாடி கம்பெனியின் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. நடுவில் அந்த ஒரு கை அகல வானம் பளிச்சென்று இருந்தது. இவ்வளவு தெளிவாக நான் அதுவரை பார்த்ததில்லை. கண் எரிவதற்குமுன் எனக்கு வந்தது சந்தோஷம். வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், கிளிக் சத்தம் கேட்பதற்காக.

கேட்கவில்லை. அக்கா மாடியைப் பார்த்தேன், ஆள் இல்லை. கீழே பார்த்தேன். தங்கையை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அக்கா ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் அவளுக்குக் கீழே. மணிக்கட்டில் ரிமோட் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. கேமராவிலேயே பட்டன் இருக்கிறது. வாளிக்கு அடியில் கையை விட்டு அமுக்கினால் போதும். நேரம் சரியாக இருந்தது, அரைமணி முன்னால்தான் அக்கா பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் தொடவில்லை. தொடாதே என்று சொல்லியிருக்கிறார், தவிர ஒரு கேமரா எடுத்தால் செல்லாது, மூன்றும் சேர்ந்து எடுத்தால்தான் ஆதாரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டு நின்றேன். புகை தெருவுக்குள் வந்து, கலைந்து, போய்விட்டது.

டோல்கேட்டில் கண்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றிருந்தன. ஆட்டோ நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஆட்டோக்காரர் சொன்னார், கடைசி கால்மணி நேரமும் அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாராம்.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் அக்கா என் மாடிக்கு வந்தார். ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டு அண்ணன் மகள் வீட்டோடு போகிறார் என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். எந்த ஊர் என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வாளியைக் கழற்றினார், கேமராவை எடுத்தார், ஆன் செய்து கடைசிப் படத்தைப் பார்த்தார். புகை வந்ததற்கு முந்தின நாள் சோதனைக்கு எடுத்த வெறும் வானம்.

"அன்னிக்கி நீ மாடிலதான இருந்த?"

"ஆமாக்கா."

"பாத்தியா, எதுலருந்து வந்ச்சின்னு?"

"பின்னாடி கம்பெனிக்கா. நல்லா பாத்தேன்."

அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புகைபோக்கி இரண்டும் சும்மா நின்றன.

"நீ ஒண்ணு அமுக்கியிருக்கலாமே நைனா."

"நீதானக்கா தொடாதன்ன."

"ஆமா" என்றார். "சொன்னேன்."

கேமராவைத் துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். என்னைத் திட்டுவார் என்று கடைசிப் படி வரைக்கும் காத்திருந்தேன். திட்டவில்லை.